பாராளுமன்ற ஏடுகளிற் சட்டம் தேடல்

பேசாலையிலே கடற்றொழில் புரியும் எம் பழைய மாணவர் ஒருவர் சில காலத்துக்கு முன் என்னிடம் வந்து ஒரு வினா விடுத்தார். “ஐயா, இழுவைமடியைத் தடைசெய்து சட்டம் வந்தது என்கிறார்கள். அந்தச் சட்டத்தைப்பற்றிப் பின்னர் பாராளுமன்றத்தில் யார் யார் என்ன பேசினார்கள்? எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்க வழியுண்டா?” என்பதே அவ்வினா. வினா சிறிது, விடையோ எளிதன்று.

அவர் கேட்ட சட்டம் 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் திருத்தச் சட்டமாகும். அது 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தைத் திருத்தியது. பாராளுமன்றத்தில் நிகழும் உரைகள் யாவும் ‘ஹன்சாட்’ எனும் அதிகார அறிக்கையில் அச்சிடப்படுகின்றன. அவ்வறிக்கைகள் இன்று இணையத்தளத்திலும் கிடைக்கின்றன. ஆகவே ஏடுகள் இல்லை என்பது குறையன்று. ஏடுகள் மிகப் பல என்பதே குறை. பல்லாயிரம் பக்கங்களுள் ஒரு சட்டத்தைக் குறித்த இடங்களை மட்டும் பிரித்தெடுத்தல் தனியொருவர்க்கு இயலும் செயலன்று. கொழும்பிலே நூல்நிலையமும் எழுதுநரும் உடைய சட்டத்தரணிக்கு ஓரளவு இயலலாம். கரைவலை இழுப்பவர்க்கு இயலாது.

இவ்விடத்தே செயற்கை நுண்ணறிவு துணைபுரியுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாணவர்க்கு ஒரு பாடமாகவும், பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோளாகவும் இதனை எழுதுகின்றேன்.

சட்டக் குறிப்பு என்பது யாது?

ஓர் உரையிலோ அறிக்கையிலோ ஒரு சட்டத்தையோ அதன் பிரிவையோ சுட்டி நிற்கும் சொற்றொடரைச் சட்டக் குறிப்பு என்போம். அது பல வடிவினது. விளக்கத்தின் பொருட்டு யாமே அமைத்த நான்கு வாக்கியங்களை நோக்குக.

“1979 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அந்நியப் படகுகளைத் தடுத்து வைக்கலாம்.” “இழுவைமடிச் சட்டத்தைக் கொண்டுவந்தும் எமது மக்களுக்கு விடிவு இல்லை.” “அச்சட்டத்தின் அதே பிரிவைத்தான் நானும் எடுத்துக்காட்டுகிறேன்.” “பழைய கடற்றொழிற் கட்டளைச் சட்டத்திலே இதற்கு இடமிருந்தது.”

முதலாவது வாக்கியம் ஆண்டையும் இலக்கத்தையும் கூறுகின்றது, ஐயத்துக்கு இடமில்லை. இரண்டாவது சட்டத்தின் உரிய பெயரைக் கூறாது, மக்கள் வழங்கும் பெயரைக் கூறுகின்றது. மூன்றாவது எதனையும் பெயர்சொல்லிக் கூறாது, முன்னர்ச் சொன்னதைச் சுட்டுகின்றது. முந்திய பக்கத்தைப் படித்தாலன்றி அது விளங்காது. நான்காவது 1940 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கருதுகின்றது. அதுவோ 1996 ஆம் ஆண்டின் சட்டத்தால் நீக்கப்பட்டுவிட்டது.

ஆகவே குறிப்பறிதல் என்பது மூன்று படிகளைக் கொண்டது. இன்ன சொற்றொடர் ஒரு சட்டத்தைச் சுட்டுகின்றது எனக் காணுதல் முதற்படி. அது சுட்டும் சட்டம் இன்னது எனத் துணிதல் இரண்டாம் படி. பேசப்பட்ட அந்நாளிலே அச்சட்டம் எவ்வடிவில் நடைமுறையில் இருந்தது என அறிதல் மூன்றாம் படி. முதற்படியை ஒரு சிறுவனும் ஓரளவு செய்வான். மூன்றாம் படியிலே கற்றவரும் தடுமாறுவர்.

எமது சட்டங்களின் பெயரும் எண்ணும்

தடுமாற்றத்துக்குக் காரணம் எமது சட்ட வரலாறே ஆகும். 1947 வரையில் இந்நாட்டுச் சட்டமன்றங்கள் ஆக்கியவை கட்டளைச் சட்டங்கள் எனப்பட்டன. 1947 இலே பாராளுமன்றம் தோன்றியபின் ஆக்கப்பட்டவை சட்டங்கள் எனப்பட்டன. 1972 முதல் 1978 வரை இருந்த தேசிய அரசுப் பேரவை ஆக்கியவற்றுக்கு ஆங்கிலத்திலே வேறொரு சொல் வழங்கியது; தமிழிலோ பெரும்பாலும் அவையும் சட்டம் என்றே குறிக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் இரு சொற்கள் காட்டும் வேற்றுமை தமிழிலே மறைந்துவிடுவதை நோக்குக.

இனி எண்களின் மயக்கத்தைக் காண்போம். வடமாகாணத் தமிழரின் சொத்துரிமையோடு நெருங்கிய தொடர்புடைய யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கமாகப் பிறந்தது. 1938 இற் சட்டங்கள் தொகுக்கப்பட்டபோது அது 48 ஆம் அத்தியாயம் ஆயிற்று. 1956 ஆம் ஆண்டின் தொகுப்பிலே 58 ஆம் அத்தியாயம் ஆயிற்று. தேடியதேட்டம் பற்றிய அதன் விதிகளை 1947 இலே திருத்திய கட்டளைச் சட்டத்தின் இலக்கமும் 58 ஆகும்! ஆகவே ஓர் உறுப்பினர் தம் உரையிலே ‘58’ என்று மட்டும் கூறிச் செல்வாராயின், அது தாய்ச் சட்டமா, அதனைத் திருத்திய சட்டமா என ஆராய்ந்தே துணிதல் வேண்டும். ‘48 ஆம் அத்தியாயம்’ என்று அவர் கூறினால் எந்தத் தொகுப்பின் 48 என்பதையும் பேசிய ஆண்டைக்கொண்டே துணிதல் வேண்டும். தேசவழமையும் அவ்வாறே 1938 இல் 51 ஆம் அத்தியாயமாகவும், 1956 இல் 63 ஆம் அத்தியாயமாகவும் நின்றது. ஒரு பெண்ணின் சீதனக் காணி யாருடைய இசைவோடு விற்கப்படலாம் என்பது இவ்வெண்களின் பின்னே நிற்கும் வினாவாகும். எண் மாறினால் விடையும் மாறும்.

கடலின் செய்தியும் இத்தகையதே. 1976 ஆம் ஆண்டிலே இலங்கை தன் கடல் வலயங்களுக்கென 22 ஆம் இலக்கச் சட்டத்தை ஆக்கிற்று. அதே ஆண்டில் இந்தியாவும் தன் கடல் வலயங்களுக்கென 80 ஆம் இலக்கச் சட்டத்தை ஆக்கிற்று. அவ்வாண்டிலேயே மன்னார் வளைகுடாவின் எல்லை பற்றி இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்தன. பாக்குநீரிணையும் கச்சதீவும் பற்றிய உடன்படிக்கை அதற்கு இரண்டாண்டு முந்தியது. “1976 ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி” என்று ஒருவர் பேசினால் அம்மூன்றனுள் எதனைக் கருதினார்? தலைமன்னாரிலிருந்து கடலுக்குச் செல்வோனுக்கு இவ்வினா வெறும் இலக்கணச் சிக்கலன்று.

பிறர் செய்த முயற்சி

சட்டக் குறிப்புகளைத் தொகுக்கும் வேலை புதிதன்று. 1873 ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரில் ஃபிராங்க் செப்பேட் என்பார், ஒரு தீர்ப்பைப் பின்வந்த எந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன எனத் தொகுத்து, ஒட்டுத்தாள்களில் அச்சிட்டு விற்றார். சட்டத்தரணிகள் அவற்றைத் தம் நூல்களின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டனர். எமது பழைய ஹன்சாட் தொகுதிகளின் ஈற்றில் உள்ள பொருளட்டவணையும் இவ்வினத்ததே. இவையெல்லாம் மனிதக் கண்ணும் கையும் செய்தவை.

இக்காலத்தே அப்பணி இயந்திரத்திடம் ஒப்படைக்கப்படுகின்றது. பிரேசில் நாட்டுப் பிரதிநிதிகள் சபை 2018 அளவில் ‘உலிசெஸ்’ என்னும் செயற்கை நுண்ணறிவு முயற்சியைத் தொடங்கிற்று. அதனோடு சேர்ந்து அந்நாட்டு ஆய்வாளர், சட்டமூலங்களிலும் சபை ஆவணங்களிலும் வரும் ஆட்பெயர், இடப்பெயர், சட்டப்பெயர் முதலியவற்றை மனிதர் கையாற் குறியிட்டு ஒரு பயிற்சித் தொகுதி ஆக்கி, 2022 இல் வெளியிட்டனர். மொழி போர்த்துக்கீசம். ஐக்கிய இராச்சியத்தின் தேசிய சுவடிக்கூடம் 2022 ஏப்பிரலில் தொடங்கிய தீர்ப்புத் தேடற் சேவையிலே, ஒரு தீர்ப்பினுள் வரும் சட்டப் பெயர்களைக் கணினி தானே கண்டு, அச்சட்டத்தின் மூலப்பக்கத்தோடு இணைக்கின்றது. மொழி ஆங்கிலம்.

பிரேசிலார் ஆங்கிலத்துக்கென ஆக்கிய கருவி தமக்குப் போதும் என்று வாளாவிருக்கவில்லை. தம் மொழியிலே தம் சபையின் ஏடுகளைக்கொண்டு பயிற்சித் தொகுதி ஆக்கினர். இஃது எமக்குப் பாடமாகும்.

இயந்திரம் கற்கும் முறை

கணினிக்குச் சட்டக் குறிப்பைக் கற்பிக்க இரு வழிகள் உள. முதலாவது விதி வழி. ‘நான்கு இலக்க எண், பின்னர் “ஆம் ஆண்டின்”, பின்னர் ஓர் எண், பின்னர் “ஆம் இலக்க”, ஈற்றிற் “சட்டம்” என வந்தால் அது குறிப்பாகும்’ என்று கட்டளை எழுதி வைத்தல். எளிது, விரைவானது, ஏன் அவ்வாறு துணிந்தது எனக் கேட்டால் விடை கூறவல்லது. ஆயின் மேற்காட்டிய நான்கு வாக்கியங்களுள் முதலாவதை மட்டுமே இது பிடிக்கும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு வழி. இங்கே விதி கூறுவதில்லை. மனிதர் குறியிட்ட பக்கங்களைக் காட்டி, இயந்திரம் தானே வழக்கை உணரச் செய்வர். குறியிடும் முறை மாணவர்க்கு எளிதில் விளங்கும். வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லின் கீழும் மூன்று அடையாளங்களுள் ஒன்றை இடுதல் வேண்டும்: குறிப்பின் தொடக்கச் சொல்லுக்குத் ‘தொ’, தொடரும் சொற்களுக்கு ‘உ’, அதாவது உள்ளே, குறிப்பிற் சேராச் சொற்களுக்குப் ‘பு’, அதாவது புறம். “மன்னாரில் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் மீறப்படுகிறது” என்பதிலே ‘மன்னாரில்’ என்பது புறம், ‘1996’ தொடக்கம், ‘சட்டம்’ வரையுள்ளவை உள், ‘மீறப்படுகிறது’ மீண்டும் புறம். இவ்வாறு சில ஆயிரம் வாக்கியங்கள் குறியிடப்பட்டால், இயந்திரம் தான் காணாத புதிய வாக்கியத்திலும் அடையாளம் இடக் கற்றுக்கொள்ளும்.

அது கற்பது எவ்வாறு? ஒவ்வொரு சொல்லையும் எண்களின் நிரலாக மாற்றி வைத்துக்கொள்கின்றது. ஒத்த சூழல்களிற் பயிலும் சொற்களின் எண்கள் ஒன்றையொன்று நெருங்கி அமைகின்றன. 2017 இலே கூகுள் ஆய்வாளர் வெளியிட்ட முறையொன்று, வாக்கியத்தின் ஒரு சொல்லைத் துணியும்போது மற்றெல்லாச் சொற்களையும் தக்க அளவிற் கருத்திற்கொள்ள இயந்திரத்துக்கு வழிகாட்டியது. இன்றைய மொழி மாதிரிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. 2019 இல் வெளிவந்த மாதிரியொன்று நூறு மொழிகளை ஒருங்கே கற்றது. தமிழும் அவற்றுள் ஒன்று. ஆதலின் அடித்தளம் இல்லையென்று வருந்த வேண்டுவதில்லை. அத்தளத்தின்மேல் எமது சட்டத் தமிழைக் கற்பிக்கும் எடுத்துக்காட்டுகளே வேண்டும்.

தமிழுக்குரிய இடர்கள்

முதலாவது இடர், சொல்லின் ஈறு. ஆங்கிலத்திலே சட்டத்தின் பெயர் எங்கு வரினும் பெரும்பாலும் ஒரே வடிவில் நிற்கும். தமிழிலோ சட்டம், சட்டத்தை, சட்டத்தால், சட்டத்திலே, சட்டத்துக்கமைய, சட்டமூலமாக என வேற்றுமையாலும் புணர்ச்சியாலும் மாறும். ‘சட்டமூலம்’ என்பது ஆக்கப்படாத முன்வரைவைக் குறிக்கும். ‘சட்டமூலமாக’ என்பது சட்டத்தின் வாயிலாக என்றும் பொருள்படும். ஒன்று நடைமுறையில் உள்ளது, மற்றது இன்னும் பிறவாதது.

இரண்டாவது இடர், ஒரு சொற் பல பொருள். படத்துக்கு இடுவதும் சட்டம். ‘பிரிவு’ என்பது சட்டத்தின் பிரிவையும் குறிக்கும். நானாட்டான் பிரதேச செயலாளர் பிரிவையும் குறிக்கும். உற்றார் பிரிவையும் குறிக்கும். மன்னார் மாவட்டம் பற்றிய உரையொன்றிலே இம்மூன்றும் ஒரே பக்கத்தில் வருதல் அரிதன்று.

மூன்றாவது இடர், எழுத்து. பழைய ஏடுகள் ஒளிப்படமாகவே உள. அவற்றை எழுத்தாக வாசிக்கும் கருவி, பழைய அச்சிலே ரகரத்தையும் காலையும் மயங்கக் கொள்ளும். தேய்ந்த 6 ஐ 8 என வாசிக்கும். சொல்லிற் பிழை நேர்ந்தால் படிப்பவர் உணர்ந்து திருத்திக்கொள்வர். எண்ணிற் பிழை நேர்ந்தால் வேறொரு சட்டம் ஆகிவிடும். ஒருங்குறி பரவுமுன் கணினியில் அச்சிட்ட ஏடுகளுக்கோ வேறொரு குறை. பாமினி முதலிய எழுத்துருக்களில் அமைந்த பக்கம் எமது கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். கணினியின் உள்ளேயோ அது ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கோவையாகக் கிடக்கும். முன்னதாக மாற்றி அமைத்தாலன்றித் தேடுவோர்க்கு அகப்படாது.

நான்காவது இடர், மொழிக் கலப்பு. ஹன்சாட்டிலே ஒவ்வொருவர் உரையும் அவர் பேசிய மொழியிலேயே அச்சாகின்றது. ஒரே நாளின் விவாதம் சிங்களத்தில் தொடங்கித் தமிழிற் சென்று ஆங்கிலத்தில் முடியலாம். ஒருவரே ஒரே உரையில் மொழி மாறுவதும் உண்டு. ஒரே சட்டம் மூன்று பெயர்களில் வரும். அம்மூன்றும் ஒன்றே என இயந்திரம் அறிய, ஆண்டும் இலக்கமும் கொண்ட பொதுப்பட்டியல் வேண்டும். அரசியலமைப்பின் 23 ஆம் உறுப்புரை, 1988 ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தத்தின் பின், சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட்டு ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிடப்படல் வேண்டும் என்கின்றது. ஆதலின் அப்பட்டியலை ஆக்குவதற்கு மூலம் உண்டு.

தூய்மையும் நிறைவும்

கருவி நன்றோ தீதோ என அளப்பது எவ்வாறு? கடற்கரை மாணவர்க்கு இது கைவந்த செய்தி. வலைக்கண் மிகச் சிறிதாயின் மீனோடு பாசியும் குப்பையும் வரும். மிகப் பெரிதாயின் மீனே தப்பிவிடும். அகப்பட்டவற்றுள் உண்மையான குறிப்பு எத்துணை என்பது தூய்மை. இருந்த குறிப்புகளுள் அகப்பட்டவை எத்துணை என்பது நிறைவு.

ஓர் எடுத்துக்கணக்கு: ஒரு விவாதத்திலே 100 குறிப்புகள் உள எனக் கொள்வோம். இயந்திரம் 90 இடங்களைக் காட்டுகின்றது. அவற்றுள் 81 சரி, 9 பிழை. தூய்மை நூற்றுக்குத் தொண்ணூறு. நிறைவு நூற்றுக்கு எண்பத்தொன்று. காட்டப்பட்ட 9 பிழைகளையும் படிப்பவர் கண்டு தள்ளிவிடலாம். காட்டப்படாத 19 குறிப்புகளையோ யார் காண்பார்? அவை அங்கு இருந்தன என்பதையே எவரும் அறியார்.

என் கவலையெல்லாம் இந்தப் பத்தொன்பது பற்றியதே. ஆங்கிலத்திலே நன்கு பயின்று, தமிழிலே அரைகுறையாகப் பயின்ற கருவி ஒன்று எமது ஹன்சாட்டின்மேல் ஏவப்பட்டதாகக் கொள்வோம். ஆங்கில உரைகளின் குறிப்புகள் பெரும்பாலும் அகப்படும். தமிழ் உரைகளின் குறிப்புகள் பெரும்பாலும் தப்பும். பின்னொரு நாளில் ஓர் ஆய்வாளரோ அதிகாரியோ “இழுவைமடித் தடைச் சட்டத்தைப்பற்றிப் பேசியவர் யாவர்?” எனத் தேடுவார். பட்டியல் வரும். அப்பட்டியலிலே தமிழிற் பேசியவர் அருகியே காணப்படுவர். “வடகரையோரப் பிரதிநிதிகள் இதுபற்றிப் பெரிதும் பேசவில்லை” என்று அவர் நேர்மையாகவே எழுதிவைப்பார். பேச்சு ஏட்டில் இருக்கும், பட்டியலில் இராது. ஏட்டைப் படிப்பார் அருகிப் பட்டியலைப் படிப்பார் பெருகிவிட்ட இக்காலத்தே, குறிக்கப்படாதது பேசப்படாததாகவே கொள்ளப்படும். இதிலே எவருடைய வஞ்சகமும் இல்லை. வஞ்சகம் இல்லாமலே நேரக்கூடிய இழப்பாதலின் இதனை எதிர்த்து முறையிடவும் இடமில்லை. முன்னதாகக் காத்தல் ஒன்றே வழி.

கண்டறிதல் வேறு, புனைந்துரைத்தல் வேறு

இன்னோர் எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். கேட்டதற்கெல்லாம் விடை எழுதும் உரையாடற் கருவிகளை மாணவர் பலரும் அறிவர். அவற்றிடம் சட்டம் கேட்போர் விழிப்பாய் இருத்தல் வேண்டும். 2023 ஆம் ஆண்டிலே நியூயோர்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில், விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கிலே, சட்டத்தரணிகள் அத்தகைய கருவி தந்த ஆறு தீர்ப்புகளைச் சரிபாராது சமர்ப்பித்தனர். அவ்வாறும் உலகில் இல்லாதவை. நீதிபதி அவர்களுக்கு 5,000 டொலர் தண்டம் விதித்தார். பெயரும் எண்ணும் பக்கமும் பொருந்தியிருந்தன. தீர்ப்பு மட்டும் இருக்கவில்லை.

கண்டறியும் கருவி ஏட்டிலே உள்ள சொற்றொடரைச் சுட்டிக்காட்டுகின்றது. அவ்விடத்தைத் திறந்து பார்த்து மெய்பொய் அறியலாம். புனையும் கருவியோ ஏட்டைச் சுட்டாமலே எழுதவல்லது. ஆகவே எம் பயன்பாட்டுக்கு ஒரு நியதி வைத்துக்கொள்ளல் தகும்: பக்கத்தைக் காட்டாத எந்த விடையையும் ஏற்கலாகாது, காட்டிய பக்கத்தைப் படியாமல் எதனையும் எழுதலாகாது. நாடாளுமன்றங்களின் அனைத்துலக ஒன்றியமும் 2024 டிசெம்பரில் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு வழிகாட்டியில், மனிதர் மேற்பார்வையை வலியுறுத்தியுள்ளது.

இதற்கு உவமை எமது கரையிலேயே உண்டு. முற்காலத்தே அரிப்பில் முத்துக்குளிப்பு நிகழ்ந்தபோது, கழுவியெடுத்த முத்துகளைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளிலே இட்டுப் பருமன் பிரித்தனர். முதலாவதில் 20 துளைகள். கடைசியானதில் 1,000 துளைகள். ஒரு சிறுவன் ஆட்டினும் சல்லடை தன் வேலையைச் செய்யும். ஆயினும் பிரித்தவற்றுள் எது ஆணிமுத்து எனத் துணிந்தது சல்லடையன்று. உருட்சியும் ஒளியும் கண்டறிந்த மதிப்பாளரின் கண்ணே. முன் கூறிய மூன்று படிகளுள் முதற்படி சல்லடையின் வேலை. இரண்டாம் படியிலும் அது பெரிதும் உதவும். மூன்றாம் படியோ, இச்சட்டம் அந்நாளில் நடைமுறையில் இருந்ததா, திருத்தப்பட்டிருந்ததா, எந்தத் தொகுப்பின் எண் என்று துணிதல், கற்றவர் கண்ணுக்கு உரியது.

எம் கடமை

பழைய மாணவர்களுள் ஓய்வுபெற்ற ஆசிரியரும், எழுதுவினைஞரும், நொத்தாரிசுகளும், சட்டத்தரணிகளும், கணினி வல்லுநரும் உளர். நூறு பேர் கூடி ஆளுக்குப் பத்துப் பக்கம் தமிழ் ஹன்சாட்டைப் படித்துக் குறியிட்டால் ஆயிரம் பக்கங்கள் ஆகும். இதற்குப் பெரும் பணமோ, பெரும் பொறியோ வேண்டுவதில்லை.

செய்யும் முறையைச் சுருங்கக் கூறுவேன். மன்னார்க் கடலையும் கரையையும் பற்றிய விவாதங்களை முதற்கண் எடுத்துக்கொள்ளலாம். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டம், 1979 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க அந்நிய மீன்பிடிப் படகுகள் சட்டமும் அதனைத் திருத்திய 2018 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டமும், 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் என ஒரு சிறு பட்டியலோடு தொடங்கலாம். ‘2 ஆம் இலக்கம்’ இப்பட்டியலிலேயே இருமுறை வருவதை நோக்குக. ஆண்டின்றி இலக்கம் பயன்படாது.

ஒவ்வொரு பக்கத்தையும் இருவர் தனித்தனியே, ஒருவரையொருவர் கலவாது, குறியிடல் வேண்டும். இருவரும் வேறுபட்ட இடத்தை மூன்றாமவர், இயலுமாயின் சட்டம் அறிந்தவர், தீர்த்தல் வேண்டும். எவ்விடத்திலே மனிதரே வேறுபட்டனர் என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும். மனிதர் மயங்கிய இடத்தில் இயந்திரம் மயங்காது என எதிர்பார்த்தல் தகாது. குறியிட்ட தொகுதியைப் பூட்டி வையாது, கருவி செய்வோர் யாவர்க்கும் திறந்து கொடுத்தல் வேண்டும்.

மாணவர்க்கு இதனால் விளையும் பயன் வேறொன்றும் உண்டு. பத்துப் பக்கம் குறியிட்ட மாணவன் கட்டளைச் சட்டம் யாது, சட்டமூலம் யாது, ஒழுங்குவிதி யாது, வர்த்தமானி யாது என்பவற்றைப் பரீட்சைக்கென மனனம் செய்யாமலே அறிந்துகொள்வான். தன் ஊரைப்பற்றித் தன் நாட்டின் மன்றம் பேசியதைத் தன் மொழியிலே படித்திருப்பான்.

பேசாலை நண்பரின் வினாவுக்கு என்னால் இயன்ற விடையை அளித்தேன்: சில இதழ்கள், சில பக்கங்கள், என் கையெழுத்தில் ஒரு சிறு பட்டியல். அதனை வாங்கிப் படித்துவிட்டு, “இவ்வளவுதானா பேசினார்கள்?” என்று கேட்டார். “நான் கண்டது இவ்வளவு” என்றேன். அவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அவர் உடனே விளங்கிக்கொண்டார். பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் இட்டபடி, “அப்படியானால் மிச்சத்தையும் தேட வேண்டும் ஐயா” என்று கூறிச் சென்றார்.

அந்த மிச்சத்தைத் தேடும் பணியையே இவ்விழா மலர் வாயிலாக உங்கள்முன் வைக்கின்றேன். முதற் பத்துப் பக்கங்களை யான் எடுத்துக்கொள்கின்றேன்.